ஆபரேஷன் பேஷன்ட்டும் மருந்தும்: ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் செய்ய வேண்டியது என்னென்ன, ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டி மாற்று ஆபரேஷனுக்கு ஒரு அம்மா வந்தாங்க, 72 வயசு, 48 கிலோ. என்னென்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்கன்னு கேட்டா, "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு, அவ்ளோதான் தம்பி"ன்னாங்க. கேஸ் ஷீட்லயும் அப்படியேதான் எழுதியிருந்துச்சு. மறுநாள் காலைல முதல் கேஸ், முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வச்சுப் பண்றதா பிளான். நான் மருமககிட்ட சொல்லி அந்த மாத்திரைக் கவரை எடுத்துட்டு வரச் சொல்லி அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் "கொழுப்பு மாத்திரை" உள்ள ரோசுவாஸ்டாட்டின் மட்டும் இல்ல, கூடவே ரத்தம் உறையாம இருக்குறதுக்கான ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், மூணும் சேர்ந்த கேப்சூல். அன்னைக்குக் காலைல கூட ஒண்ணு போட்டிருக்காங்க. க்ளோபிடோக்ரெல் உடம்புல இருக்கும்போது முதுகுத்தண்டுல ஊசி குத்தினா உள்ள ரத்தம் கட்டி காலே வராமப் போற ஆபத்து இருக்கு, அதனாலதான் குறைஞ்சது 5 நாள்லருந்து 7 நாள் நிறுத்திட்டுப் பண்ணுவாங்க. ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போச்சு. பையன் லீவு போட்டு வந்ததெல்லாம் வீண், ரூம் வாடகை வேற. ஆனா அந்த அம்மா இப்ப நடக்குறாங்க.

இத எழுதுறதுக்குக் காரணமே அந்தக் கவர்தான். நம்ம ஊர்ல பார்மசிஸ்ட்னா கவுன்ட்டர் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு இண்டென்ட்டுக்கு (வார்டுலருந்து வர்ற மருந்துச் சீட்டுக்கு) மருந்து எடுத்துக் குடுக்குறவர்னு நெனச்சுட்டு இருக்காங்க, 2008-ல பார்ம்.டி கோர்ஸ் வந்து, 2015-ல பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன் வந்தும் இன்னும் நெறைய ஆஸ்பத்திரில அப்படித்தான். சர்ஜரி வார்டுல பார்மசிஸ்ட் பெட் பக்கத்துல நிக்கணும்னு நான் அழுத்திச் சொல்லுவேன். ஏன்னா தேவையில்லாத மருந்து ஒண்ணு உள்ள போச்சுன்னா அதுவே ஆபத்து, அதுவே செலவு. ஆபத்தைக் குறைச்சா பெரும்பாலும் பில்லும் கூடவே குறையும், ரெண்டுக்கும் தனித்தனியா பாடுபட வேண்டியதில்ல. புதுசா சர்ஜரி வார்டுக்கு வர்ற தம்பி தங்கச்சிங்களுக்காக நான் செய்ற வரிசைலயே சொல்றேன். பேஷன்ட் வீட்டுக்காரங்களும் படிக்கலாம், அவங்களுக்கும் வேலை இருக்கு.

படி 1: கவரைக் கொட்டு

வாயால கேக்குறத விட கண்ணால பாக்குறது முக்கியம். அட்மிஷன் அன்னைக்குப் பார்த்தா லேட், மேல சொன்ன கதை மாதிரிதான் ஆகும். பேஷன்ட் மயக்க டாக்டர்கிட்ட செக்கப்புக்கு வர்ற அன்னைக்கே, அதாவது ஆபரேஷனுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே, பார்மசிஸ்ட் அங்க ஒரு டேபிள் போட்டு உக்காந்துடணும். அப்பாயின்ட்மென்ட் குடுக்கும்போதே "வீட்ல இருக்குற மாத்திரை, டானிக், ஊசி, சொட்டு மருந்து எல்லாத்தையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு வாங்க, காலி அட்டையா இருந்தாலும் பரவால்ல"ன்னு சொல்லச் சொல்லுங்க. கொண்டு வந்ததும் டேபிள்ல கொட்டி, ஒவ்வொரு அட்டையிலயும் பிராண்ட் பேரை விட்டுட்டு கீழ சின்ன எழுத்துல இருக்குற மருந்துப் பேரைப் படிச்சு எழுதுங்க. கூட்டு மாத்திரைகள்தான் நம்ம நாட்டுல பெரிய பொறி. சில பிராண்டுல பேருக்குப் பின்னாடி "கோல்ட்"னு இருந்தா உள்ள ரத்தம் உறையாம இருக்குற மருந்து சேர்ந்திருக்கும், பேஷன்ட்டுக்கு அது கொழுப்பு மாத்திரைதான்.

அடுத்து சுகர் மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின் பேட்டன்ட் 2020 அக்டோபர்ல முடிஞ்சதும் விலை சரிஞ்சு இன்னைக்கு எல்லா ஊர்லயும் எழுதுறாங்க, மெட்ஃபார்மினோட சேர்த்து ஒரே மாத்திரையாவும் வருது. இந்த வகை மருந்த ஆபரேஷனுக்கு 3 நாள் முன்னாடியே நிறுத்தணும். இல்லன்னா பட்டினி, ஆபரேஷன் அதிர்ச்சி எல்லாம் சேர்ந்து ரத்தத்துல அமிலம் ஏறிடும், இதுல கொடுமை என்னன்னா சுகர் மீட்டர்ல நார்மல்னு காட்டும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது, வாந்தியும் மூச்சு வாங்குறதும் ஆபரேஷன் பண்ணதாலன்னு விட்டுருவாங்க.

கடைசியா கேக்க வேண்டியது, ஆனா மறக்கவே கூடாதது, "மூட்டு வலிக்கு வேற எங்கயாவது மருந்து வாங்குறீங்களா"ங்குறது. பேப்பர்ல மடிச்சுக் குடுக்குற பொட்டல மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, லேகியம். பொட்டலத்துல ஸ்டீராய்டு இருக்குற வாய்ப்பு அதிகம். மூணு நாலு வாரத்துக்கு மேல ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தானா கார்ட்டிசால் சுரக்குறத நிறுத்திடும், ஆபரேஷன் டேபிள்ல பிரஷர் விழுந்தா ஏத்தவே முடியாது, அப்ப ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலுக்குப் பதிலா போடுற ஊசி) ரெடியா இருக்கணும். இத மிரட்டிக் கேட்டா சொல்ல மாட்டாங்க. "தப்பு ஒண்ணும் இல்லம்மா, வலிக்கு யாரா இருந்தாலும் வாங்கத்தான் செய்வாங்க, எனக்குத் தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லி அதுக்கேத்த மாதிரி பாத்துக்கலாம்"னு உக்காந்து பேசினா சொல்லிடுவாங்க. இத எழுத ஒரு நிமிஷம், கேக்க பத்து நிமிஷம் ஆகும், அந்தப் பத்து நிமிஷத்தைத் தாராளமா குடுங்க.

கண் ஆபரேஷன்னா ஆம்பளைங்ககிட்ட புராஸ்டேட் மாத்திரை கேளுங்க. டாம்சுலோசின் சாப்பிட்டவங்களுக்கு கேட்டராக்ட் ஆபரேஷன் நேரத்துல கருவிழித் திரை தொளதொளன்னு ஆடும், மாத்திரைய நிறுத்தினாலும் முழுசா சரியாகாது, ஆனா டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்சா அதுக்குத் தயாரா இருப்பாரு.

படி 2: எது நிக்கணும், எது ஓடணும், தேதி போட்டு எழுது

"ரத்த மருந்த அஞ்சு நாள் நிறுத்துங்க"ன்னு வாயால சொன்னா அஞ்சு நாள எங்கருந்து எண்ணுறதுன்னு அவங்களுக்குத் தெரியாது. காலண்டர் தேதி எழுதிக் குடுங்க, "14-ஆம் தேதி ராத்திரி கடைசி மாத்திரை, அப்புறம் கிடையாது" அப்படின்னு. நிறுத்துறத முடிவு பண்றது டாக்டர்தான், நம்ம வேலை அவர் முன்னாடி சரியான லிஸ்ட்ட வைக்கிறது.

பொதுவா ரத்தம் உறையாம இருக்குற மருந்துல வார்ஃபரின் 5 நாள் முன்னாடி, ஐ.என்.ஆர் (ரத்தம் உறையுற வேகத்தைக் காட்டுற டெஸ்ட்) 1.5-க்குக் கீழ வந்திருக்கான்னு பாத்துட்டு. க்ளோபிடோக்ரெல் 5 நாள், பிராசுக்ரெல் 7 நாள். அபிக்சபான், ரிவரோக்சபான் மாதிரி புது மருந்துகள் ரத்தம் எவ்ளோ போற ஆபரேஷன்ங்குறதப் பொறுத்து ஒண்ணு ரெண்டு நாள், கிட்னி வீக்கா இருந்தாலோ முதுகுல ஊசின்னாலோ இன்னும் கூட. ஆனா இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்க விஷயத்துல இந்தக் கணக்கெல்லாம் நாமளா போடவே கூடாது. ஸ்டென்ட் எப்ப வச்சாங்கன்னு கேட்டு இதய டாக்டருக்குப் போன் போட்டே ஆகணும், வச்சு சில மாசம்தான் ஆச்சுன்னா அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளி வைக்கிறதுதான் சரி, மாத்திரைய நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சு உயிரே போயிடும்.

நிறுத்தவே கூடாத லிஸ்ட்டும் இருக்கு, இதத்தான் நெறைய பேர் மறந்துடுறாங்க. "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல வாயில ஒண்ணும் படக்கூடாது"ன்னு சொன்னதும் வீட்டுக்காரங்க வலிப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திடுறாங்க. வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, பிரஷருக்கும் இதயத்துக்கும் குடுக்குற அட்டெனலால் மெட்டோப்ரோலால் வகை, பார்கின்சன் மாத்திரை இதெல்லாம் ஆபரேஷன் அன்னைக்குக் காலைலயும் ஒரு முழுங்கு தண்ணியோட போடணும். டெல்மிசார்ட்டான், எனாலப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரைய மயக்க டாக்டர்கள் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க, கேட்டுக்கணும்.

படி 3: எடை, கிட்னி, அலர்ஜி

கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் 1.4-ன்னு ரிப்போர்ட்ல வந்தா "லேசா ஏறியிருக்கு"ன்னு தாண்டிப் போயிடுவாங்க. அந்த அம்மாவுக்கு அதேதான் இருந்துச்சு. 140-லருந்து வயசைக் கழிச்சா 68, அத எடை 48-ஆல பெருக்கினா 3264, அத 72 (இது வயசு இல்ல, ஃபார்முலாவுல எல்லாருக்கும் உள்ள நம்பர்) பெருக்கல் 1.4, அதாவது 100.8-ஆல வகுத்தா 32.4, பொம்பளைங்கன்னா 0.85-ஆல பெருக்கணும், வந்துச்சு 27.5. நிமிஷத்துக்கு 27 மில்லி சொச்சம், கிட்னி ரத்தத்தைச் சுத்தம் பண்ற இந்த வேகத்துக்குப் பேருதான் கிளியரன்ஸ். ஆளு ஒல்லி, வயசானவங்க, அதனாலதான் 1.4-ங்குற நம்பர் ஏமாத்துது. இந்த 27-அ சார்ட் மேல சிவப்புப் பேனால எழுதி வச்சேன், அப்புறம் வந்த பாதி முடிவுகள் இந்த நம்பரை வச்சுத்தான். எடைய பேஷன்ட்கிட்ட கேட்டு எழுதாதீங்க, மெஷின்ல ஏத்திப் பாருங்க.

அலர்ஜி பத்திச் சின்னதா ஒண்ணு. "பென்சிலின் அலர்ஜி"ன்னு எழுதியிருந்தா என்ன ஆச்சுன்னு கேளுங்க. பேதி ஆச்சு, வாய் கசந்துச்சுன்னா அது அலர்ஜியே இல்ல. தடிப்பு தடிப்பா வந்து மூச்சு திணறி மயங்கி விழுந்திருந்தா அது நிஜம். கேக்காம விட்டா அந்த ஒரு வார்த்தையால அவங்க வாழ்க்கை பூரா தேவையில்லாம பெரிய ஆன்டிபயாட்டிக்தான் கிடைக்கும்.

படி 4: கத்தி படுறதுக்கு முன்னாடி ஒரு ஊசி

சர்ஜரி வார்டுல பார்மசிஸ்ட் ஒரே ஒரு விஷயத்த மட்டும் சரி பண்ண முடியும்னா நான் இதத்தான் எடுப்பேன்.

சுத்தமான ஆபரேஷன், அதாவது ஏற்கனவே சீழ் இன்ஃபெக்ஷன் எதுவும் இல்லாத ஆபரேஷனுக்கு, ஆன்டிபயாட்டிக் எதுக்குக் குடுக்குறோம்? கத்தி வைக்கிற நேரத்துல தோல்ல இருக்குற கிருமி உள்ள போகும், அந்த நேரத்துல அந்த திசுவுல மருந்து நிறைஞ்சு நிக்கணும். அவ்ளோதான். செஃபசோலின் 2 கிராம், 120 கிலோவுக்கு மேல இருந்தா 3 கிராம், கத்தி வைக்கிறதுக்கு முந்தின 60 நிமிஷத்துக்குள்ள. வான்கோமைசின்னா மெதுவா ஏத்த வேண்டியதால 120 நிமிஷம் முன்னாடி ஆரம்பிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல வெளியிட்ட ஆபரேஷன் பாதுகாப்பு செக்லிஸ்ட்ல இருக்குற 19 கேள்வில "கடந்த 60 நிமிஷத்துல ஆன்டிபயாட்டிக் குடுத்தாச்சா"ங்குறதும் ஒண்ணு.

நடைமுறைல என்ன நடக்குது? வார்டுல சிஸ்டர் காலைல 6 மணி ரவுண்டுல எல்லாருக்கும் போடுற மாதிரி இதையும் போட்டுடுறாங்க. கேஸ் 11 மணிக்குத்தான் உள்ள போகுது. செஃபசோலின் அதுக்குள்ள பாதிக்கு மேல சிறுநீர்ல போயிடுச்சு, ஆனா சார்ட்ல "கொடுக்கப்பட்டது"ன்னு டிக் இருக்கு. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரில இதுதான் வழக்கமாவே இருந்துச்சு, யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஆர்டரே அப்படித்தான் எழுதியிருக்கும். தீர்வு சிம்பிள். ஆன்டிபயாட்டிக்க வார்டு இண்டென்ட்லயே எடுத்துடுங்க. பேஷன்ட்டோட சேர்த்து தியேட்டருக்கு அனுப்புங்க, மயக்க டாக்டர் கையாலயே போடட்டும். முட்டி ஆபரேஷன்ல தொடைல டூர்னிக்கே பட்டை கட்டுவாங்க, அது இறுகுறதுக்கு முன்னாடியே மருந்து முழுசா உள்ள போயிடணும், அப்புறம் போட்டா காலுக்குப் போகவே போகாது. ஆபரேஷன் 4 மணி நேரத்தத் தாண்டினாலோ ரத்தம் 1500 மில்லிக்கு மேல போனாலோ செஃபசோலின் இன்னொரு டோஸ்.

அதுக்கப்புறம் நிறுத்தணும். 2016-ல உலக சுகாதார நிறுவனம் தெளிவாச் சொல்லிடுச்சு, ஆபரேஷன் முடிஞ்ச பிறகு தடுப்புக்குன்னு ஆன்டிபயாட்டிக்கைத் தொடரத் தேவையில்லன்னு. நம்ம பக்கம் 5 நாள் ஊசி, அப்புறம் 5 நாள் மாத்திரைங்குறது கை தன்னால எழுதுற பழக்கம். கணக்குப் போடுங்க: ஒரு நாளைக்கு 2 ஊசின்னா 5 நாளைக்கு 10 வயல், 10 சிரிஞ்ச், 10 தடவை கலக்குற தண்ணி, அது ஓடுறதுக்குன்னே கைல கேனுலா (நரம்புல சொருகி வைக்கிற ஊசிக் குழாய்), கேனுலா வீங்கினா மாத்துறதுக்கு இன்னொண்ணு, சிஸ்டரோட நேரம். அதுக்குப் பதிலா ஒரு வேளை மருந்து போதும். காசு ஒரு பக்கம், பேதியும் மருந்துக்கு அடங்காத கிருமியும் இன்னொரு பக்கம். இன்னொண்ணு, ஹெர்னியா மாதிரி சாதாரண ஆபரேஷனுக்கே செஃபோபெராசோன் சல்பாக்டம் எழுதுற பழக்கம் இருக்கு. செஃபோபெராசோன் வைட்டமின் கே வேலைய கெடுத்து ரத்தம் உறையுறதக் குறைக்கும், விலையும் அதிகம், ரத்தப்போக்கு ஆபத்தும் அதிகம், பலன் கூடுதல் ஒண்ணும் இல்ல.

சர்ஜன்கிட்ட இத எப்படிச் சொல்றது? எல்லார் முன்னாடியும் ரவுண்ட்ஸ்ல "சார் இது கைட்லைன் படி தப்பு"ன்னு சொன்னா அன்னைக்கோட உங்க கதை முடிஞ்சுது. அவருக்கும் பயம் இருக்கு, இன்ஃபெக்ஷன் ஆனா பேஷன்ட் வீட்டுக்காரங்க முன்னாடி நிக்கப் போறது அவருதான், நாம இல்ல. நான் தனியாப் போய், "சார், உங்க கேஸ்ல அடுத்த 20 மட்டும் ஒரு டோஸோட நிறுத்திப் பாக்கலாமா, காயத்த 30 நாள் வரைக்கும் நான் போன் போட்டு ஃபாலோ பண்ணி உங்களுக்கு லிஸ்ட் தர்றேன், ஏதாவது ஒண்ணு சரியில்லன்னா உடனே பழையபடி மாத்திக்கலாம்"னேன். முட்டி மாதிரி இம்ப்ளான்ட் வச்ச கேஸ்ல 24 மணி நேரம் வரைக்கும்னு அவர் கேட்டாரு, ஒத்துக்கிட்டேன். பழக்கத்த மாத்துறதுக்கு அவரோட சொந்த பேஷன்ட் லிஸ்ட்டை விட பெரிய ஆதாரம் கிடையாது.

படி 5: தியேட்டர் ட்ரே

இங்க நடக்குற தப்புக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. ரத்தப்போக்கைக் குறைக்கிற ட்ரானெக்சாமிக் ஆசிட் ஆம்பியூலும் மரத்துப்போக முதுகுல போடுற பியூபிவகெய்ன் ஆம்பியூலும் பாக்க ஒரே மாதிரி கண்ணாடிக் குப்பி. ட்ரானெக்சாமிக்க மாத்தி முதுகுத்தண்டுல போட்டு வலிப்பு வந்து இறந்தவங்க உலகம் பூரா இருக்காங்க, 2022-ல உலக சுகாதார நிறுவனம் இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு. மயக்க டாக்டர் ட்ராலில ட்ரானெக்சாமிக் வைக்காதீங்க, வேற அலமாரி, வேற கலர் பெட்டி. புது கம்பெனி ஸ்டாக் வந்தா ஆம்பியூலப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு அப்புறம் தியேட்டருக்கு அனுப்புங்க. பர்ச்சேஸ்ல விலை பத்து பைசா கம்மின்னு பிராண்ட் மாத்தும்போது இதையும் சேர்த்துத்தான் யோசிக்கணும்.

பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பியூல்ல 20 மில்லிஈக்குவலன்ட் இருக்கு, கலக்காம நேரா நரம்புல போனா இதயம் நின்னுடும். வார்டு ஸ்டாக்ல இருக்கவே கூடாது, கேட்டா பார்மசிலருந்து வரட்டும்.

இன்சுலின் நம்ம நாட்டுல இன்னொரு பிரச்சினை. வயல் ஒரு மில்லிக்கு 40 யூனிட்லயும் வருது, 100 யூனிட்லயும் வருது. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்த சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 10 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25 யூனிட், ரெண்டரை மடங்கு. ஆபரேஷன் முடிஞ்சு சரியா சாப்பிடாத ஆளுக்கு அது போதும், ராத்திரி நினைவு தப்பிடும். ஆஸ்பத்திரி முழுக்க ஒரே ஒரு வகைன்னு முடிவு பண்ணி இன்னொண்ண வாங்குறதையே நிறுத்திடுங்க. வீட்லருந்து கொண்டு வர்ற இன்சுலின வாங்கித் தனியா வச்சுடுங்க.

படி 6: வார்டு சார்ட்ட தினமும் படி

மருந்து சார்ட்ல பிராண்ட் பேரா இருக்கும், மனசுக்குள்ள மருந்துப் பேரா மாத்திப் படிக்கணும். ஆபரேஷனுக்கு அடுத்த நாள் ஒரு சார்ட்ல பார்த்தது: பாராசிட்டமால் ஊசி 1 கிராம் நாலு வேளை, டிரமடால் பாராசிட்டமால் மாத்திரை மூணு வேளை, அசெக்ளோஃபெனாக் பாராசிட்டமால் ரெண்டு வேளை. மூணும் வேற வேற பேரு, வேற வேற டாக்டர் எழுதினது. கூட்டினா பாராசிட்டமால் மட்டும் ஒரு நாளைக்கு 5.6 கிராம், நல்ல எடை உள்ள ஆளுக்கே உச்சம் 4 கிராம்தான். நம்ம 48 கிலோ அம்மாவுக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் கணக்குல ஒரு வேளைக்கு 720 மில்லிகிராம், 100 மில்லி பாட்டில்ல 72 மில்லி. பாட்டில அப்படியே தொங்கவிடுறது வழக்கம், அத நிறுத்தணும். கிளியரன்ஸ் 27 இருக்குற ஆளுக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்து வேண்டவே வேண்டாம், பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் வேற ஓடுது, ரெண்டும் சேர்ந்தா கிட்னி படுத்துடும்.

கால்ல ரத்தம் கட்டாம இருக்க எனாக்ஸாபரின் ஊசி 40 மில்லிகிராம் எழுதியிருந்தாங்க. கிளியரன்ஸ் 30-க்குக் கீழன்னா அது உடம்புலயே தேங்கும். "சார், இவங்களுக்கு 27 வருது, டோஸைக் குறைச்சுக்கலாமா, இல்ல சாதா ஹெப்பாரின் 5000 யூனிட்டுக்குப் போயிடலாமா"ன்னு கேட்டேன். பாருங்க, பிரச்சினை ஒண்ணு, நம்பர் ஒண்ணு, வழி ரெண்டு, முடிவு அவர் கைல. இப்படிக் கேட்டா அரை நிமிஷத்துல பதில் வந்துடும். ஹெப்பாரின் விலையும் கம்மி. முதுகுல எபிடூரல் குழாய் இருந்தா எனாக்ஸாபரின் கடைசி டோஸ்லருந்து 12 மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்கணும், எடுத்து 4 மணி நேரம் கழிச்சுத்தான் அடுத்தது. அந்த நேரத்த சார்ட்லயே எழுதி சிஸ்டர்கிட்ட வாயாலயும் சொல்லிடுங்க.

அப்புறம் ஊசியிலருந்து மாத்திரைக்கு மாத்துறது. இட்லி சாப்பிட்டுட்டு உக்காந்து பேப்பர் படிக்கிறாரு, கைல பான்டோபிரசோல் ஊசி ஓடுது, இத பாத்தா எனக்கு மனசு கேக்காது. சாப்பிட முடியுது, வாந்தி இல்ல, காய்ச்சல் ஒரு நாளாவது அடங்கியிருக்குன்னா மாத்திரைக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க. லினிசோலிட், மெட்ரோனிடசோல், லீவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல் இதெல்லாம் வாய்வழியா குடுத்தாலும் கிட்டத்தட்ட முழுசா ரத்தத்துக்குப் போயிடும், ஊசிக்கும் மாத்திரைக்கும் பலன்ல வித்தியாசமே இல்ல, பில்லுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கேனுலாவும் கழட்டிடலாம், கை வீங்காது, பாத்ரூமுக்கு அவங்களே எழுந்து போவாங்க.

டிரமடால், மார்ஃபின் ஓடுதுன்னா மலம் இளகுறதுக்கு மருந்து சேர்ந்திருக்கான்னு பாருங்க, நாலு நாளா போகலன்னு பேஷன்ட் கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டாங்க.

படி 7: ஸ்டோர்லயும் பேஷன்ட்டைக் காப்பாத்தலாம்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல ஆரம்பிச்சது. மருந்துப் பட்டியல ஒண்ணாக்கி, மாநிலம் பூராவுக்கும் சேர்த்து ஜெனரிக் பேர்ல டெண்டர் விட்டு, லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு மாவட்ட கிடங்கு வழியா அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புற அந்த முறைய மத்த மாநிலங்களும் பார்த்து எடுத்துக்கிட்டாங்க. தனியார் ஆஸ்பத்திரிக்கும் அதே புத்திதான் வேணும். ஒரு மருந்துக்கு ரெண்டு பிராண்டுக்கு மேல வைக்காதீங்க. எந்த பிராண்ட்னு பார்மசி கமிட்டி உக்காந்து முடிவு பண்ணணும், சர்ஜன், மயக்க டாக்டர், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், பார்மசிஸ்ட் நாலு பேரும் இருக்கணும், மருந்துக் கம்பெனி ரெப் சொல்லி ஒண்ணும் உள்ள வரக்கூடாது. பிராண்டு குறைஞ்சா ஒரே மாதிரி தெரியுற டப்பாவும் குறையும், காலாவதியாகித் தூக்கிப் போடுறதும் குறையும். அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்குற மருந்துக்கு 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவரம்பு உண்டு, ஃபார்மா சஹி தாம் ஆப்ல பேஷன்ட்டே பாத்துக்கலாம்.

ரிட்டர்ன் விஷயத்துல கண்டிப்பா இருங்க. ஆபரேஷனுக்குன்னு ஒரு பெரிய லிஸ்ட் குடுத்து வீட்டுக்காரங்கள வாங்க வைக்கிறோம், தியேட்டர்ல பாதிதான் செலவாகுது, மீதி எங்க? பிரிக்காத மருந்து, நூல், கையுறை எல்லாத்தையும் எண்ணி அன்னைக்கே பில்லுல கழிக்கணும். நகைய அடகு வச்சுட்டு வந்தவங்க காசு அது.

படி 8: டிஸ்சார்ஜ்

வீட்டுக்குப் போற அவசரத்துல எதுவும் மண்டைல ஏறாது, அதனால முதல் நாள் சாயங்காலமே போய் உக்காந்துடுங்க. யார் மாத்திரை எடுத்துக் குடுக்குறாங்களோ அவங்ககிட்ட பேசணும், அந்த வீட்டுல அது மருமக. பழைய மாத்திரைக் கவரைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லி மூணு கும்பலாப் பிரிங்க: தொடர்றது, கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறது, இனிமே வேண்டாம்ங்குறது. இதுல பெரிய ஆபத்து, ஆஸ்பத்திரில எழுதின டெல்மிசார்ட்டான் ஒரு பிராண்டு, வீட்ல இருக்குறது வேற பிராண்டு, ரெண்டையும் போட்டு பிரஷர் விழுந்து பாத்ரூம்ல விழுவாங்க, புதுசா வச்ச முட்டியோட. சுகர் மாத்திரை எப்ப திரும்ப ஆரம்பிக்கணும், ரத்த மருந்து தேவையா இல்லையா, அதுவும் தேதியோட. கால்ல ரத்தம் கட்டாம இருக்க அபிக்சபான் எழுதியிருந்தா முட்டிக்கு 12 நாள், இடுப்புக்கு 35 நாள், அதோட முடிஞ்சுது, அட்டை தீர்ந்துடுச்சேன்னு பாதில நிறுத்தவும் கூடாது, டாக்டர் எழுதினதாச்சேன்னு ஆறு மாசம் வாங்கித் திங்கவும் கூடாது.

சீட்டுல மருந்துப் பேரையும் எழுதிடுங்க. மக்கள் மருந்தகத்துலயோ, 2025 பிப்ரவரில 1000 கடையோட ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயோ வாங்கணும்னா பிராண்ட் பேரு மட்டும் வச்சுட்டு அலைய வேண்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னா சூரியன், நிலா படம் போட்டுக் குடுங்க. சொல்லி முடிச்சதும் "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. "நாளைக்குக் காலைல எந்த எந்த மாத்திரைய எடுப்பீங்க, எடுத்துக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க.

படி 9: போனதுக்கு அப்புறம்

மருந்தால தடிப்பு, ரத்தக்கசிவு, எது வந்தாலும் இந்திய மருந்துப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ரிப்போர்ட் பண்ணுங்க, 1800-180-3024 இலவச நம்பர், பேஷன்ட்டும் கூப்பிடலாம். தினமும் என்ன தப்பு பிடிச்சீங்க, டாக்டர் ஒத்துக்கிட்டாரா, எத்தனை டோஸ் மிச்சம்னு ஒரு நோட்டுல எழுதுங்க, நிர்வாகம் ஆள் குறைக்கப் பாக்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

மூணாவது நாள் ஒரு போன். அந்த அம்மா வீட்டுக்கும் போட்டேன், மருமக எடுத்தாங்க. எல்லாம் சரியாக் குடுக்குறோம்னாங்க, நல்லா நடக்குறாங்கன்னாங்க. வைக்கப் போகும்போது, "அண்ணா, பழைய டாக்டர் கொழுப்பு மாத்திரை மாத்தி எழுதிக் குடுத்திருக்காரு, கடைல வேற கம்பெனி குடுத்தாங்க, அட்டைய திருப்பிப் பார்த்தேன், ரோசுவாஸ்டாட்டின் மட்டும்தான் போட்டிருக்கு, வேற எதுவும் இல்ல, குடுக்கலாம்ல?"ன்னு கேட்டாங்க.